மாதம் ஆயிரம் ரூபாய், வாரம் இரண்டு மணி நேரம்: உள்ளூரில் எதற்குக் கொடுக்கலாம்?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வசிக்கிறேன், வேலைக்குப் போகிறவள். மாதம் ஆயிரம் ரூபாயும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரமும் ஒதுக்க முடியும். அதற்கு மேல் கேட்டால் வீட்டில் போர் மூளும். இதை வைத்துக்கொண்டு எங்கள் பகுதிக்குள்ளேயே உருப்படியாக ஏதாவது செய்ய விரும்புகிறேன். எங்கோ இருக்கும் பெரிய அமைப்புக்குப் பணம் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதுவரை யோசித்தவை: பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்தில் மதிய உணவு, தெருவில் மரக்கன்று, வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது, சமையலறைக் கழிவில் உரம். எதில் தொடங்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகைப் பதில்களை அருள்கூர்ந்து தவிர்க்கவும்.

#2 சித்திரைநிலா

அக்கா, பிறந்தநாள் சாப்பாட்டை முதலில் பேசிவிடுவோம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், சிக்கலும் அதுதான். நான் உதவிக்குப் போகும் இல்லத்தில் தீபாவளி, பொங்கல், ஆண்டுப் பிறப்பு நாட்களில் ஒரே வேளைக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் பிரியாணி அண்டாவோடு வந்து நிற்கும். பிள்ளைகளால் சாப்பிட்டு முடியாது; மிச்சம் குப்பைக்குப் போகும். ஜூன் மாதம் பள்ளி திறந்து, நோட்டும் சீருடையும் காலணியும் வாங்கி இல்லத்தின் கை காய்ந்து கிடக்கும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அவர்களுக்கு மாதந்தோறும் இழுபறியாக இருப்பவை எரிவாயு சிலிண்டர், சமையல் எண்ணெய், துவரம்பருப்பு, சோப்பு, நாப்கின், மின்கட்டணம். இவற்றைக் கொடுத்தால் படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, அதனால் யாரும் கொடுப்பதில்லை. நேரில் போய்ப் பொறுப்பாளரிடம் எந்தப் பொருள் பற்றாக்குறை என்று கேளுங்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, "இது இனி மாதா மாதம் என் பொறுப்பு" என்று சொல்லிவிடுங்கள். இல்ல நிர்வாகத்துக்கு ஒருநாள் விருந்தைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி.

இன்னும் இரண்டு செய்தி. இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா என்று பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்வதும், முகம் தெரியப் படமெடுத்து வலைத்தளத்தில் போடுவதும் வேண்டவே வேண்டாம். அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின்படி குற்றம்.

#3 கணக்குப்பிள்ளை

வரிக்கழிவை எதிர்பார்த்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு வரி: புதிய வரிமுறையைத் தேர்ந்திருந்தால் நன்கொடைக்கான வரிக்கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு கேட்க முடியாது. எண்ணெய், பருப்பு போன்று பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. ஆகவே வரியை மறந்துவிட்டு, சித்திரைநிலா சொன்னபடி எண்ணெய் டின்னையே வாங்கிக் கொடுங்கள்.

#4 பூவரசு

மரக்கன்று பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் இருக்கிறது, இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

நம் ஊரில் கன்று நடுவதற்கு ஆள் உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் கிடையாது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று அன்றைக்கு நட்டுவிடுகிறார்கள். மதுரைப் பக்கம் ஜூனிலும் ஜூலையிலும் வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெருமழை நமக்கு வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபருக்குப் பிறகு. செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் மூன்று மாதம் வானமே பார்த்துக்கொள்ளும். கோடையில் நட்டால் நீங்கள்தான் குடம் தூக்க வேண்டும்.

எதை நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது சாலையோரம் அழகுக்கென்று வைத்திருந்த வெளிநாட்டு மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. தெருவுக்குப் புங்கையும் வேம்பும் பூவரசும் (என் பெயரைச் சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம்) போதும். இடம் விசாலமாக இருந்தால் நாவல், இலுப்பை. மின்கம்பிக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள். நான்கே ஆண்டில் வாரியத்தின் அரிவாள் வந்துவிடும்.

என்னைக் கேட்டால் புதுக்கன்றே வேண்டாம். உங்கள் தெருவில் யாரோ நட்டுவிட்டுப் போன கன்றுகள் கம்பிக்கூண்டுக்குள் வாடிக்கொண்டிருக்கும். கூண்டின் கம்பி தண்டை அறுத்துக்கொண்டிருக்கும். சிமென்ட் தளம் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஐந்தைத் தத்தெடுங்கள். தளத்தை உடைத்து ஒரு முழம் மண்ணைத் திறந்துவிட்டு, வாரம் இரண்டு குடம் ஊற்றினால் போதும். திறப்பு விழாவுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

#5 தராசுத்தட்டு

பழைய பேப்பர், இரும்புக்கடை வைத்திருக்கிறேன். இங்கே பிளாஸ்டிக் பேச்சு வரும் என்று காத்திருந்தேன்.

பிளாஸ்டிக்கைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு இருக்கிறது. கடைக்கு வருவது எல்லாம் விலை உள்ள பொருள்: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, நோட்டுப்புத்தகம், தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், வாளி, எண்ணெய் கேன், தகரம், அலுமினியம், செம்பு, பித்தளை. பால் கவரையும் எடுப்போம், ஆனால் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். கவரை வெட்டும்போது முனையைத் தனியாகத் துண்டித்து எறியாமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணம் ஒருவர் கையிலும் சிக்காது; சாக்கடையில்தான் போய்ச் சேரும்.

எடுக்காதவை: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்புப் பொட்டலம். உள்ளே வெள்ளி போல மின்னும் எதுவும் பல அடுக்கு ஒட்டிச் செய்தது. பிரிக்க முடியாது, எனவே விலையும் இல்லை. தெர்மோகோலும் அப்படித்தான், வண்டியை அடைக்கும், எடை இருக்காது. வாங்காமல் இருக்க வேண்டும் என்றால் முதலில் இவற்றை வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். வீட்டுக்கு வந்து சாக்கில் எடுத்துப்போகும் பெரியவர்கள், அம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பேப்பரை ஈரம் படாமல் கட்டி, பாட்டிலைத் தனியாகப் போட்டு, "காசு வேண்டாம், எடுத்துப் போங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் தேடும் நற்பணி உங்கள் வாசலுக்கே சைக்கிளில் வருகிறது.

#6 நாலாம்தெரு

எல்லாம் சரி. எங்கள் தெருவில் நானும் ஒரு காலத்தில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்தேன். வண்டி வந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் கவிழ்த்தார்கள். கேட்டால் "மேலே பிரித்துக்கொள்வார்கள்" என்று பதில். எந்த மேலே? 2016 திடக்கழிவு விதிகளில் ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடு என்று குடிமகனுக்குச் சொல்லியிருந்தது. பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துப்போகவும் சொல்லியிருந்தது. இரண்டாம் பாதியை யாரும் படித்ததில்லை போலும்.

#7 தராசுத்தட்டு

நாலாம்தெரு அண்ணன் சொல்வது பல ஊர்களில் நடப்பதுதான். அதற்கு ஒரே வழி, கலப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் கொடுக்காமல் இருப்பது. உலர்ந்தது எங்கள் கடைக்கு. ஈரமானது உங்கள் வீட்டுத் தொட்டிக்கு. வண்டிக்கு மிஞ்சுவது சிப்ஸ் உறையும் நாப்கினும் மட்டும்.

நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி, பிளேடு ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கையில் கொடுங்கள். அதைக் கையால் அள்ளுகிறவர் ஒரு மனிதர். எங்கள் கடைக்கு வரும் தூய்மைப் பணியாளர்களின் விரல்களைப் பார்த்தால் கண்ணாடி எங்கெங்கே கீறியிருக்கிறது என்று தெரியும்.

#8 வைகைக்கரை

மிக்க நன்றி. உரத் தொட்டிக்கு மாமியார் ஒப்புதல் தரவில்லை. "வீட்டுக்குள் ஊத்தை நாற்றம் வரும், புழு வரும்" என்கிறார். மேல்மாடியில் வெயில் கொளுத்துகிறது. என்ன செய்யலாம்?

#9 மாடிவெயில்

மாமியார் சொல்வது தவறில்லை. ஒழுங்காகச் செய்யாவிட்டால் இரண்டும் வரும்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம் மிகுதி, காற்று குறைவு. காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை எல்லாம் நீர் நிறைந்தவை. அவற்றை மட்டும் போட்டு மூடினால் அழுகும். ஒரு கை ஈரக் கழிவுக்கு ஒரு கை காய்ந்த சருகு அல்லது தென்னை நார்த்தூள் போட்டால் மக்கும். இந்த விகிதம் பிடிபட்டுவிட்டால் வேறு வித்தை ஏதும் இல்லை. பூவரசு சொன்ன தெருமரங்களின் சருகை யாரோ தினமும் கூட்டி எரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். புகையும் மிச்சம்.

தொட்டிக்கு ஓட்டை போட்ட மண்பானை போதும், அல்லது பழைய பெயின்ட் வாளியில் சுற்றிலும் துளை. புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து முதலில் தெளித்தால் வேலை விரைவாகத் தொடங்கும். நேர் வெயிலில் வைக்க வேண்டாம், மாடிப்படி நிழல் போதும். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வந்துவிடும். சாம்பார் மிச்சம், எண்ணெய்ப் பலகாரம், மீன்முள் ஆகியவற்றை முதல் சில மாதங்களுக்குத் தவிருங்கள்.

புழு விஷயம். கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் வந்தால் அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் குஞ்சுகள். கழிவைத் தின்று தீர்ப்பதில் அவற்றுக்கு இணை இல்லை. வளர்ந்த ஈக்கள் உணவில் உட்கார்ந்து நோய் பரப்புவதும் இல்லை. ஆனால் இதை மாமியாரிடம் விளக்க முயல வேண்டாம். மேலே ஒரு கை சருகைத் தூவி மூடிவிடுங்கள்.

#10 நாலாம்தெரு

சரி, பானையில் தோலைப் போடுகிறோம். ஊருக்கு ஊர் சாயக்கழிவு, தோல்கழிவு, மலையை அறுக்கிற குவாரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம் தேயிலைச் சக்கையா உலகத்தைக் காப்பாற்றப்போகிறது? இதெல்லாம் நடுத்தர வர்க்கம் மனச்சாட்சிக்குக் கொடுத்துக்கொள்ளும் லஞ்சம்.

#11 குளத்தங்கரை

நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். நாலாம்தெருவின் கேள்விக்கு எங்கள் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது.

அரிட்டாபட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். குன்று, குடைவரைக் கோயில், சுனைகள், கண்மாய்கள், கழுகு வல்லூறு எல்லாம் உண்டு. அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2024 நவம்பரில் செய்தி பரவியதும் சுற்றுவட்டாரக் கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாக நடந்தார்கள். அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அங்கே தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் புரட்சியாளர்கள் அல்லர்; ஆடு மாடு வைத்திருப்பவர்கள், நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். கிராமசபைக்குப் போய் உட்கார்ந்து பழகியிருந்ததால்தான் தேவை வந்தபோது அதைப் பயன்படுத்தத் தெரிந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. செலவு இல்லை, பாதி நாள் போதும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022 முதல் ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தெரியாது, நாற்காலிகள் காலியாக இருக்கும். நாலாம்தெரு அண்ணன் அந்த ஒரே தொட்டி வண்டி விஷயத்தை அங்கே எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பானையா போராட்டமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் இரண்டையும் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

#12 நாலாம்தெரு

கிராமசபை சரி. பகுதி சபையில் ஆளுங்கட்சிக்காரர் மைக்கைக் கொடுப்பாரா என்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். போன தேர்தலில் எங்கள் வார்டில் என்ன நடந்தது தெரியுமா

#13 மட்டுறுத்துநர்

தேர்தல் வேண்டாம். #12இன் மீதிப்பகுதியை நீக்கியிருக்கிறேன். கட்சி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது.

#14 கிணற்றடி

யாருமே சொல்லவில்லையே! 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது தோண்டிய குழிகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. எத்தனை வேலை செய்கின்றன? மேலே வண்டல் படிந்து, ஜல்லிக்கு நடுவே சேறு அடைத்து, பாதி வீடுகளில் அதன் மேலேயே ஸ்கூட்டர் நிற்கிறது. குழாய் நேரே சாக்கடைக்குத் திருப்பப்பட்டிருக்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை அதற்குள் மறந்துவிட்டோம்.

வைகைக்கரை, உங்கள் இரண்டு மணி நேரத்தை செப்டம்பரில் இதற்குக் கொடுங்கள். மொட்டைமாடியைக் கூட்டுவது, குழாய் வாயில் சருகு அடைக்காமல் வலை கட்டுவது, குழியின் மேல்மணலை எடுத்துக் கழுவியோ மாற்றியோ போடுவது, அவ்வளவுதான். ஒரு கடப்பாரை, இரண்டு சட்டி. ஒரு வாரம் ஒரு வீடு என்று போனாலும் மழைக்கு முன் நான்கைந்து வீடு ஆகிவிடும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழிக்குத் திருப்புங்கள்.

#15 சித்திரைநிலா

இரத்த தானம் விட்டுப்போனது. 18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாத இடைவெளியில், பெண்கள் நான்கு மாத இடைவெளியில். முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். முகாம் நடந்த வாரம் வங்கி நிரம்பியிருக்கும். சிவப்பணு சுமார் ஐந்தாறு வாரம்தான் தாங்கும், தட்டணு ஐந்தே நாள். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது போங்கள், அப்போதுதான் வறட்சி. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே இரத்த வங்கி இருக்கிறது.

#16 கணக்குப்பிள்ளை

மஞ்சப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1இல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" வந்தது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் என் வீட்டு அலமாரியில் திருமணத் தாம்பூலப் பைகள் மட்டும் ஒரு மூட்டை இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். புதிதாகத் துணிப்பை வாங்கிச் சேர்ப்பது சுற்றுச்சூழலுக்கு எந்த நன்மையும் செய்யாது. பருத்தி விளையவும் தண்ணீர் வேண்டும்தானே.

நான் அந்த மூட்டையைத் துவைத்துத் தள்ளுவண்டி காய்கறி அம்மாவிடம் கொடுத்தேன். பை கொண்டுவராதவர்களுக்கு அதில் போட்டுக் கொடுக்கிறார். சிலர் திருப்பித் தருகிறார்கள், சிலர் தருவதில்லை.

காய்கறி என்றதும் நினைவுக்கு வருகிறது: தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14இல் உங்கள் மதுரை அண்ணாநகரில்தான் திறந்தார்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியே விற்கிறார், நடுவில் தரகர் இல்லை, அன்றைய விலை பலகையில் இருக்கும். ஞாயிறு காலை எப்படியும் காய் வாங்கத்தான் போகிறீர்கள். அங்கே போனால் நன்கொடை என்று தனியாக ஒன்றும் கொடுக்காமலேயே ஒரு நல்ல காரியம் நடந்துவிடும்.

#17 வைகைக்கரை

எல்லாவற்றையும் செய்யப்போவதில்லை. கீழ்க்கண்டபடி முடிவு செய்திருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஆயிரம் ரூபாய் முழுவதும் அருகிலுள்ள பதிவு பெற்ற இல்லத்துக்கு, மாதந்தோறும் எண்ணெயாக. பேசிவிட்டேன், "பிறந்தநாளுக்கு வருவீர்களா?" என்று பொறுப்பாளர் சந்தேகத்தோடு கேட்டார், வர மாட்டேன் என்றதும் சிரித்தார். உரப்பானை, மாடிப்படி நிழலில் ஒன்று. பேப்பரும் பாட்டிலும் வாசலுக்கு வரும் அம்மாவுக்கு. ஞாயிறு இரண்டு மணி நேரம் இப்போதைக்குத் தெருவில் இருக்கும் கன்றுகளுக்கு, செப்டம்பரிலிருந்து மழைநீர்க் குழிகளுக்கு. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் கடப்பாரை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாமும் வருகிறார் என்று நம்புகிறேன்.

பூவரசு ஐயாவிடம் ஒரு கேள்வி. மாடக்குளம் கண்மாய்க்கரையில் பனைவிதை போடலாமா? தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை என்கிறார்களே.

#18 பூவரசு

தேவையில்லை என்பது பெரும்பாலும் சரி. பனை முளைக்கும்போது முதலில் நிலத்துக்குள் இறங்கும், இலை பிறகுதான் வெளியே வரும். ஆவணியில் பழம் விழும். விதையைப் பொறுக்கி, முதல் மழைக்கு முன் முக்கால் அடி ஆழத்தில், பத்தடி இடைவெளியில் போட்டு மூடலாம். ஆனால் காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கான மரம்.

கண்மாய்க்கரை அரசுக்குச் சொந்தம். நீர்வளத் துறையிடம் கேட்காமல் போடாதீர்கள். கரையின் உச்சியிலும் மடைக்கு அருகிலும் வேண்டவே வேண்டாம். பாசனக்காரர்கள் யாரென்று விசாரித்து அவர்களையும் கேளுங்கள், எந்த இடத்தில் கரை பலவீனம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

#19 நாலாம்தெரு

தராசுத்தட்டு, ஒரு சந்தேகம். பழைய மெத்தை எடுப்பீர்களா?

#20 தராசுத்தட்டு

எடுப்பதில்லை அண்ணே. இலவம்பஞ்சு மெத்தை என்றால் பஞ்சு அடிப்பவரிடம் கொடுங்கள், அடித்துப் புது உறையில் தைத்துத் தருவார். நுரை மெத்தை என்றால் வெட்டித் துண்டாக்கித் தெருவில் போட்டுவிடாதீர்கள், சாக்கடை அடைக்கும். வார்டு அலுவலகத்தில் பெரிய கழிவுகளை எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்படியே அந்த வண்டியில் ஏன் ஒரே தொட்டி என்றும் கேட்டுவிடுங்கள்.